அளந்து போடுதல்

மொண்டெவிடேயோ. ஜூலை மாதக் குளிர்.
ஜன்னலை அறைந்துகொண்டிருக்கிறது ஆற்றுக்காற்று.
கடலுக்குரிய அகலம் அதற்கு,
ஆனாலும் நாங்கள் ஆறு என்றுதான் சொல்வோம்.
ஏழு பேர், ஒரு நீள மேசை,
நூற்று நாற்பத்து மூன்று விண்ணப்பங்கள்,
பத்தொன்பதுக்கு மட்டும் பணம்.

பணம் என்றால் எனக்கு
துராஸ்னோவில் ஒரு ரொட்டிக்கடைக் கல்லா.
என் தங்கை அங்கே நிற்கிறாள்,
கிழிக்கிற ரசீது ஒவ்வொன்றின் அடியிலும்
பொடி எழுத்தில் வரி.
அந்தப் பொடி எழுத்துகள் கூடிக் கூடி
இந்த மேசை வரை வந்திருக்கின்றன.

முதல் நாள் பூராவும் பெரிய சொற்கள்.
பாய்ச்சல். புரட்சி. உலகத்தரம்.
டாக்டர் உரியார்த்தே
சுரைக்குடுக்கையில் மாத்தே இலை நிரப்பி
வெந்நீர் ஊற்றி உறிஞ்சியபடி சொன்னார்:
"நூறுக்கு மேல் ஏட்டுச் சுரைக்காய்.
நிஜச் சுரை இது ஒன்றுதான்."

எண் எண்பத்தெட்டு,
ஓர் எலக்ட்ரான் நுண்ணோக்கி.
அணுவை அணுவாகக் காட்டும்.
அமைச்சர் வந்து நாடா வெட்டத் தோதான உயரம்.
ஆறு தலைகள் அசைந்தன.

நான் சிகரெட்டுக்காகக் கீழ்த்தளம் இறங்கினேன்.
அங்கே நின்றது
சென்ற முறை வாங்கிய நுண்ணோக்கி,
பிளாஸ்டிக் உறை பாதி உரிந்து.
பராமரிப்புக்கு ஒரு காசு எழுதிவைக்க
எவருக்கும் தோன்றவில்லை.
அதை இயக்கத் தெரிந்த ரோமினா
ஒப்பந்தம் முடிந்து
சாண்டியாகோவில் பல் மருத்துவமனை வரவேற்பறையில்.
யாரோ அதன்மேல்
ஈரக் குடையை மாட்டிவைத்திருந்தார்கள்.

ஒன்பது வருடம் முன்பு
இதே மேசையில்
இதற்காகக் கை தூக்கியவர்களில் நானும் ஒருத்தி.

எண் நூற்றுப் பன்னிரண்டு,
இரண்டே பக்கம், நாலு எழுத்துப்பிழை.
வாஷிங்டன் ஒலசாபால், ஆய்வக உதவியாளர், மெர்செதெஸ்.
இருபத்தாறு ஆண்டுகளாகச் செவ்வாய்தோறும்
நீக்ரோ ஆற்றில் படகிறக்கி
பதினொரு குப்பி நீர் மொள்கிறார்.
கேட்பது டீசல், குப்பிகள்,
பழைய உறைபெட்டிக்கு ஒரு கம்ப்ரசர்,
ஓர் ஆளின் சம்பளம்.
'எதிர்பார்க்கும் கண்டுபிடிப்பு' என்ற கட்டத்தில்:
"தெரியாது. தெரிந்திருந்தால்
உங்களைத் தொந்தரவு செய்திருக்க மாட்டேன்."

இதில் புதுமை எங்கே என்றார் ஒருவர்.
ஆற்றில் போடும் பணம் என்றார் இன்னொருவர்.

ஆற்றில்தான் போடச் சொல்கிறேன், என்றேன்.
ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள்,
இவர் ஆற்றையே அளக்கிறார்.
போன மார்ச்சில் குழாய்நீர் பச்சையாகி நாறியபோது
எப்போதிருந்து என்று கேட்டது ஊர் முழுக்க.
பதில் இருந்தது ஒரே நோட்டுப்புத்தகத்தில்.
அதிலும் பதினான்கு செவ்வாய்கள் வெற்று.
வங்கிகள் மூடிய ஆண்டு, டீசல் இல்லை.
அந்தப் பதினான்கு கட்டங்களை
இனி எத்தனை கோடி கொட்டினாலும்
நிரப்ப முடியாது.

யாரும் எழுதிக்கொள்ளவில்லை.
ஆனால் நுண்ணோக்கி விழுந்தது.
கீழே நிற்பதைப் பழுதுபார்க்கவும்
ரோமினாவைக் கூப்பிடவும் கொஞ்சம் ஒதுக்கினோம்.
வருவாளா, தெரியாது.

பன்னிரண்டைத் தேர்ந்தெடுத்ததில் சண்டையில்லை.
மிச்சம் ஏழு இடம், முப்பது பேர்.
71.4, 71.3, மறுபடி 71.4.
தசமப் புள்ளிக்குப் பின்னால்
எங்கள் தூக்கமும் பசியும்தான் இருந்தன.
நூற்றுப் பன்னிரண்டும் அந்த முப்பதில்.

"குடவோலை போடுவோம்," என்றேன்.
"விஞ்ஞானக் குழுவில் குலுக்கலா?"
"தெரியாததைத் தெரியாது என்பதுதானே
நம் பிழைப்பு?"
உரியார்த்தே சிரித்துவிட்டு
குடுக்கையைக் கவிழ்த்துக் கழுவிக்கொண்டு வந்தார்.
சீட்டுகளை மடித்துப் போட்டோம்.

முதல் சீட்டு முப்பத்தொன்று:
வெட்டுக்கிளிக்குக் காது எங்கே இருக்கிறது.
ஒருவரும் முணுமுணுக்கவில்லை.

இன்று செவ்வாய்.
இந்நேரம் அவர் ஐந்தாவது குப்பியில் இருப்பார்.
இரண்டாவது சீட்டுக்குக் கை விடுகிறேன்,
உள்ளே இன்னும் ஈரம்.